வலது பொத்தான் எங்கே போனது?

பெங்களூர் டவுன்ஹாலிலிருந்து நடக்கிற தூரத்தில் எஸ்.பி. ரோடு இருக்கிறது. முழுப்பெயர் சாதர் பத்ரப்பா ரோடு. மதர்போர்டு முதல் குட்டி ஸ்குரூ வரை கணினியின் எந்தப் பாகமும் கிடைக்கிற தெரு. பழைய மடிக்கணினி வாங்க வருகிறவர்கள் கடை வாசலிலேயே அதைத் திறந்து வைத்து, பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும், கீபோர்டில் எல்லா எழுத்தும் விழுகிறதா என்று சோதிப்பார்கள். பிறகு கை கீழே இருக்கும் வழுவழுப்பான பலகைக்கு இறங்கும். மவுஸ் பிடித்தே பழகியவர் என்றால் விரல் அங்கே கொஞ்சம் தடுமாறும். "அண்ணா, இதுல ரைட் கிளிக் பட்டனே காணோமே?" கடைக்காரருக்கு நின்று விளக்க நேரமிருக்காது. "எரடு பெரளு இடி, சார்" என்று கன்னடத்தில் இரண்டு விரலை வைக்கச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார். வந்தவர் இரண்டு விரலால் தட்டுவார். திரையில் பட்டியல் விரியும்.

வாங்க வந்தவருக்கு அது போதும். ஆனால் அந்தப் பலகையை இன்னொரு முறை பாருங்கள். அதில் கோடு இல்லை, பிளவு இல்லை, பொத்தான் இல்லை. ஒரு விரலால் தட்டினால் ஒரு வேலை நடக்கிறது, இரண்டு விரலால் தட்டினால் வேறு வேலை நடக்கிறது. கண்ணில்லாத ஒரு தகடு நம் விரல்களை எப்படி எண்ணுகிறது?

கவிழ்த்துப் பார்த்தால்

அதே தெருவில் மாடிப்படி ஏறினால் ரிப்பேர் கடைகள். அங்கே மடிக்கணினியின் அடிமூடியைக் கழற்றி, பேட்டரியை ஒதுக்கி, டச்பேடு என்ற அந்தப் பலகையைத் தனியே எடுத்து மேசையில் கவிழ்த்திருப்பார்கள். பார்க்கக் கிடைத்தால் தவறவிடாதீர்கள். நாம் தடவுகிற மேற்பரப்பு கண்ணாடி அல்லது மெல்லிய பிளாஸ்டிக் தாள். அதன் அடியில் ஒட்டிய சர்க்யூட் பலகை, நகத்தளவு ஒரு சிப், அதிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் தட்டையான ரிப்பன் கேபிள். கீழ்விளிம்பை ஒட்டி, நடுவில், ஒரு சிறு சுவிட்ச். அழுத்தினால் டிக்கென்று உள்வாங்கி மீளும் உலோகக் குமிழ் அது.

பொத்தான் இல்லாத டச்பேடுகள் பெரும்பாலானவற்றில் இருப்பது அந்த ஒரு சுவிட்ச்தான். இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று என்று இரண்டு கிடையாது. பலகை மேல்விளிம்பில் கீல் போலப் பொருத்தப்பட்டிருக்கிறது. அதனால்தான் கீழ்ப்பகுதியில் அழுத்தினால் இலகுவாக இறங்குகிறது, மேலே அழுத்தினால் அசையவே மாட்டேன் என்கிறது. வலது மூலையை அழுத்தினாலும் இடது மூலையை அழுத்தினாலும் இறங்குவது அதே குமிழ்தான். அழுத்தம் விழுந்தது என்பதைத் தவிர அதற்கு எதுவும் தெரியாது. எங்கே அழுத்தினார்கள், எத்தனை விரலால் அழுத்தினார்கள் என்பதைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் வேறோர் அமைப்புதான் சொல்லியாக வேண்டும்.

ஆப்பிள் நிறுவனம் 2015 மார்ச்சில் தன் மேக்புக் மடிக்கணினிகள் சிலவற்றிலிருந்து அந்த ஒரு சுவிட்சையும் எடுத்துவிட்டது. அந்த மேக்புக்குகளில் பலகை கீழே இறங்குவதே இல்லை. அழுத்தத்தை அளக்கும் உணரிகள் மூலைகளில் இருக்கின்றன. நாம் அழுத்தியதும் ஒரு மின்காந்தம் பலகையைப் பக்கவாட்டில் சிறிதே உதறுகிறது. அந்த உதறலை நம் விரல் 'டிக்' என்று உணர்ந்துகொள்கிறது. கணினியை முழுவதுமாக அணைத்துவிட்டு அழுத்திப் பார்த்தால் வெறும் கண்ணாடிதான், எந்தச் சொடுக்கும் வராது.

இரண்டாவது கிளிக் எதற்கு?

டக்ளஸ் எங்கல்பார்ட்டின் குழு 1964-ல் செய்த முதல் மவுஸ் மரக்கட்டையால் ஆனது; அதில் ஒரே பொத்தான். 1968 டிசம்பர் 9 அன்று அவர் சான் பிரான்சிஸ்கோவில் ஊரறியச் செயல்விளக்கம் காட்டியபோது மவுஸுக்கு மூன்று பொத்தான்கள் வந்திருந்தன. ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் 1973-ல் பிறந்த ஆல்டோ கணினிக்கும் மூன்று. எந்தப் பொத்தான் எதற்கு என்று பழகாதவர்கள் குழம்பினார்கள். 1983-ல் லிசா கணினியைக் கொண்டுவந்த ஆப்பிள், ஒரே பொத்தான் போதும் என்று முடிவுசெய்தது. அடுத்த ஆண்டு வந்த மேக்கின்டாஷுக்கும் அதே முடிவுதான்.

அது மோசமான முடிவு இல்லை. ஒரு பொத்தான் இருந்தால் தவறான பொத்தானை அழுத்தவே முடியாது. ஆனால் எல்லாக் கட்டளைகளையும் திரையின் உச்சியில் உள்ள பட்டியில்தான் போய்த் தேட வேண்டும். 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளிவந்த விண்டோஸ் 95 வேறு வழியில் போனது. திரையில் எந்தப் பொருளின் மேல் வலது பொத்தானை அழுத்தினாலும், அந்தப் பொருளை வைத்து என்னென்ன செய்யலாம் என்ற பட்டியல் அங்கேயே விரியும். கோப்பு என்றால் பெயர் மாற்று, நகலெடு, நீக்கு. வெற்றிடம் என்றால் புதிய கோப்புறை. இதைச் சூழல் பட்டியல் என்று சொல்லலாம். இடத்துக்கு இடம் மாறுவதால் அந்தப் பெயர். ஆப்பிளும் 1997-ல் மேக் ஓஎஸ் 8-ல் இதை ஏற்றது. ஒரு பொத்தான் மவுஸை விடாமல், கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு கிளிக் செய்தால் பட்டியல் வரும்படி செய்தது.

இடது கிளிக் கணினிக்குக் கொடுக்கும் கட்டளை என்றால், வலது கிளிக் அதனிடம் கேட்கும் கேள்வி: இந்தப் பொருளை என்ன செய்ய முடியும்? விடை நம் சுட்டி நிற்கும் இடத்திலேயே திறக்கிறது. இலக்கு எவ்வளவு அருகில், எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாகக் கை அதை எட்டும் என்று அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-ல் அளந்து காட்டினார். சூழல் பட்டியல் சுட்டியை ஒட்டியே பிறப்பதால் போக வேண்டிய தூரம் ஏறத்தாழ ஒன்றுமில்லை. அது நிலைத்து நின்றதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆக, கேள்வி கேட்கும் கிளிக் வேண்டும். ஆனால் அதற்கென்று பொத்தான் வைக்கக் கூடாது. மடிக்கணினி செய்தவர்கள் இந்த முடிச்சைத்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது.

மின்சாரத்துக்கு விரல் தெரிகிறது

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். பிளாஸ்டிக் பேனாவின் பின்பக்கத்தால் டச்பேடைத் தேயுங்கள். சுட்டி நகராது. நகத்தின் நுனியால் மட்டும் தொட்டாலும் நகராது. கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் பலனில்லை. வெறும் விரலைப் பட்டும் படாமல் வைத்தால் உடனே ஓடும். அப்படியானால் பலகை கவனிப்பது அழுத்தத்தை இல்லை.

கண்ணாடிக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கடத்திக் கோடுகள் ஓடுகின்றன. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி. குறுக்குக் கோடுகளும் நெடுக்குக் கோடுகளும் ஒன்றையொன்று தொடுவதில்லை, வேறு வேறு அடுக்கில் கடந்து செல்கின்றன. சிப் ஒரு திசைக் கோடுகளில் ஒவ்வொன்றாக மின்துடிப்பை அனுப்பி, மறுதிசைக் கோடுகளில் கேட்டுப் பார்க்கிறது. மிக அருகில் இருப்பதால், தொடாவிட்டாலும் ஒன்றின் துடிப்பு இன்னொன்றில் சிறிது எழும். இப்படி விலகி நிற்கும் இரண்டு கடத்திகள் தமக்கிடையே மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் அளவை மின்தேக்குத்திறன் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம்.

இப்போது விரலைக் கொண்டுவாருங்கள். நம் உடம்பு உப்புநீரால் ஆனது, மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. இரண்டு கோடுகள் கடக்கும் சந்திப்புக்கு மேலே விரல் வந்து நின்றால், ஒரு கோட்டிலிருந்து மற்றதற்குப் போக வேண்டிய மின்புலத்தில் ஒரு பங்கை விரல் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். கேட்கும் கோட்டில் துடிப்பு கொஞ்சம் குறையும். சிப்புக்கு விரல் என்பது இந்தக் குறைவுதான்.

இதன் வேர் பழையது. இங்கிலாந்தில் ஈ.ஏ. ஜான்சன் என்ற பொறியாளர் 1965-லேயே விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்காக இதே தத்துவத்தில் ஒரு தொடுதிரையை விவரித்திருந்தார். மடிக்கணினிக்கு டச்பேடாக இது 1994-ல் ஆப்பிளின் பவர்புக் 500 வரிசையில் வந்தது. அந்தச் சமயத்தில் டச்பேடில் இறங்கிய சினாப்டிக்ஸ் நிறுவனத்தின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். இன்டெல் 4004 சிப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான ஃபெடெரிக்கோ ஃபாகினும், கால்டெக் பேராசிரியர் கார்வர் மீடும் 1986-ல் அதைத் தொடங்கினார்கள். மூளையின் நரம்புவலையைப் போலச் செயல்படும் சிப்புகளைச் செய்வதுதான் அவர்கள் கனவு. அந்த ஆராய்ச்சியில் கைவந்த திறமை, கலங்கலான மின்குறிகளுக்குள் ஒழுங்கைக் கண்டுபிடிப்பது. விரலைக் கண்டுபிடிப்பதும் அதே வேலைதான்.

ஒரு தட்டலைப் பின்தொடர்வோம்

திரையில் ஒரு புகைப்படக் கோப்பு இருக்கிறது. அதன் பெயரை மாற்ற வேண்டும். சுட்டியை அதன் மேல் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து ஒரு தட்டு தட்டுகிறோம். இதற்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது. அதற்குள் நடப்பதை மெதுவாக்கிப் பார்ப்போம். எண்கள் கணக்கு புரிவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. நடைமுறை இதே போக்கில்தான் இருக்கும்.

பலகையில் 12 நெடுக்குக் கோடுகள், கோட்டுக்குக் கோடு 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விரல்கள் படும் வரிசையில் ஒவ்வொரு சந்திப்பிலும் துடிப்பு எவ்வளவு குறைந்தது என்று சிப் குறித்துக்கொள்கிறது. இடமிருந்து வலமாக அந்தக் குறைவுகள் இவை: 0, 1, 12, 40, 28, 3, 20, 40, 20, 1, 0, 0.

இந்த வரிசையைக் கண்ணால் ஓட்டிப் பாருங்கள். நாலாவது கோட்டில் ஒரு மேடு. ஆறாவது கோட்டில் பள்ளம். எட்டாவதில் மீண்டும் ஒரு மேடு. 1, 3 போன்ற சில்லறை எண்களைச் சிப் இரைச்சல் என்று ஒதுக்கிவிடும். மிஞ்சுவது இரண்டு மேடுகள். மேடு இரண்டு என்றால் விரல் இரண்டு. எண்ணிக்கை கிடைத்துவிட்டது.

அடுத்து இடம். முதல் மேட்டின் உச்சி நாலாவது கோட்டில் இருந்தாலும், விரல் சரியாக அந்தக் கோட்டின் மேல்தான் இருக்கிறது என்று சொல்ல முடியாது. மூன்றாவது கோட்டில் 12 இருக்க, ஐந்தாவதில் 28 இருக்கிறது. விரல் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. எவ்வளவு? ஒவ்வொரு கோட்டின் எண்ணையும் அதன் குறைவால் பெருக்கிக் கூட்டினால் 36, 160, 140 சேர்ந்து 336. குறைவுகளின் கூட்டல் 12, 40, 28 சேர்ந்து 80. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 4.2. அதாவது விரலின் மையம் நாலாவது கோட்டைத் தாண்டி, கோட்டிடைவெளியில் ஐந்தில் ஒரு பங்கு தூரத்தில், சரியாக 1 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. 5 மில்லிமீட்டர் இடைவெளியில் கோடு போட்ட பலகை 1 மில்லிமீட்டரைச் சொல்கிறது. அதற்குக் கீழும் சொல்லும். சுட்டி படிப்படியாகத் தாவாமல் வழுக்கிக்கொண்டு போவது இந்தச் சராசரிக் கணக்கின் புண்ணியம். இரண்டாவது மேட்டில் 20, 40, 20 என்று இருபுறமும் சமமாக இருப்பதால் அதன் மையம் சரியாக 8. இரண்டு விரலுக்கும் நடுவே 3.8 கோடு, அதாவது 19 மில்லிமீட்டர்.

விரல்களை நெருக்கி ஒட்டவைத்துத் தட்டினால் என்ன ஆகும்? நடுவே இருந்த பள்ளம் தூர்ந்து, இரண்டு மேடும் ஒன்றாகத் தெரியக்கூடும். சில பழைய மடிக்கணினிகளில் இரண்டு விரலால் தட்டியும் இடது கிளிக்கே விழுவதற்கு இது ஒரு காரணம். விரல்களைக் கொஞ்சம் விலக்கினால் சரியாகிவிடும். தட்டச்சு செய்யும்போது உள்ளங்கை பட்டால் வருவது வேறு மாதிரி: ஆறேழு கோடுகளுக்குப் பரந்த, உச்சி தெளிவில்லாத ஒரு பெரிய மேடு. இவ்வளவு அகலமான விரல் யாருக்கும் இல்லை என்று சிப் அதைத் தள்ளிவிடும்.

நேரமும் ஒரு சாட்சி

எண்ணிக்கை மட்டும் போதாது. இரண்டு விரல்கள் ஒரே கணத்தில் பலகையைத் தொடுவதே இல்லை. ஆள்காட்டி விரல் சற்று முந்தும், நடுவிரல் பின்னால் வரும். பலகை நொடிக்கு நூறு முறைக்கு மேல் தன்னைத்தானே முழுதாக அளந்துகொள்வதால், நடுவில் ஒன்றிரண்டு அளவைகளில் ஒரு விரல்தான் தெரியும். அப்போதே அவசரப்பட்டு முடிவெடுத்தால் ஒவ்வொரு வலது கிளிக்கும் இடது கிளிக்காகப் போய்விடும்.

ஆகவே அது காத்திருக்கிறது. லினக்ஸ் கணினிகளில் டச்பேடைக் கவனித்துக்கொள்ளும் லிப்இன்புட் என்ற மென்பொருளின் நிரல் எல்லோரும் படிக்கத் திறந்து கிடக்கிறது. அதில் தட்டலுக்கான எல்லை 180 மில்லிநொடி. அதற்குள் விரல் வந்து, விலகிவிட வேண்டும். வைத்த இடத்திலிருந்து 1.3 மில்லிமீட்டருக்கு மேல் நகரவும் கூடாது. இரண்டு நிபந்தனையும் நிறைவேறி, இடையில் தெரிந்த விரல்களின் அதிகபட்ச எண்ணிக்கை இரண்டாக இருந்தால், அது வலது கிளிக்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், தீர்ப்பு விரல்களை வைக்கும்போது வருவதில்லை, எடுக்கும்போதுதான் வருகிறது. விரல்களை எடுக்காமல் வைத்துக்கொண்டே 'ஒன்றும் வரவில்லையே' என்று காத்திருப்பவர்களுக்கு ஏன் பட்டியல் வருவதில்லை என்பது இப்போது தெளிவாகும். 180 மில்லிநொடி தாண்டியதும் அந்தத் தொடுகை தட்டல் என்ற தகுதியை இழந்துவிடுகிறது. விரல்கள் எல்லையைத் தாண்டி நகர்ந்தால் அது பக்கத்தை மேலும் கீழும் உருட்டும் ஸ்க்ரோல். ஸ்க்ரோலுக்கும் வலது கிளிக்குக்கும் நடுவே இருப்பது ஒரு மில்லிமீட்டரும் கொஞ்சமும்தான்.

பலகை இறங்க அழுத்தினால் நிலைமை சுலபம். அடியில் இருக்கும் சுவிட்ச் டிக்கென்றதும், அந்தக் கணத்தில் எத்தனை விரல் தெரிகிறது என்று மட்டும் பார்த்தால் போதும். மெதுவாக இயங்கும் கைகளுக்குத் தட்டுவதைவிட இரண்டு விரலால் அழுத்துவதே நல்லது.

வரிசை எண், இருக்கை எண்

பழைய டச்பேடுகள் ஒவ்வொரு சந்திப்பையும் தனித்தனியாக அளக்கவில்லை. ஒரு முழுக் கோட்டையும் மொத்தமாகத்தான் அளந்தன. ஒரு விரல் வரைக்கும் அது போதும். இரண்டாவது விரல் வந்தால் சிக்கல். தியேட்டரில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் 'சி' வரிசை, ஒருவர் 'எஃப்' வரிசை. ஒருவர் 4-ம் எண், ஒருவர் 9-ம் எண் என்று மட்டும் உங்களிடம் சொன்னால், சி-4, எஃப்-9 என்றும் இருக்கலாம், சி-9, எஃப்-4 என்றும் இருக்கலாம். எந்த ஜோடி உண்மை என்று சொல்ல வழியில்லை. இப்படி இல்லாத இடத்தில் தோன்றும் விரல்களைப் பொறியாளர்கள் பேய்த் தொடுகை என்கிறார்கள்.

ஆனால் வலது கிளிக்குக்கு விரல் எங்கே இருக்கிறது என்று தெரியவே வேண்டாம். எத்தனை என்று தெரிந்தால் போதும். பட்டியல் எங்கே விரிய வேண்டும் என்பதை முடிவுசெய்வது திரையில் நிற்கும் சுட்டி. பலகையில் விரல் பட்ட இடம் இல்லை. அதனால்தான், இரண்டு விரல்களின் இடத்தையும் பிழையின்றிச் சொல்ல முடியாத அந்தக் காலத்துப் பலகைகளிலேயே இரண்டு விரல் தட்டல் சாத்தியமாயிற்று. படத்தை விரலால் பெரிதாக்குவது, சுழற்றுவது போன்றவற்றுக்குத்தான் சந்திப்பு சந்திப்பாக அளக்கும் பலகை தேவைப்பட்டது.

பெங்களூரில் பிறந்த தொடுதிரை

இந்த இடத்தில் சிம்ப்யூட்டரை நினைக்காமல் போக முடியாது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும் என்கோர் சாஃப்ட்வேர் நிறுவனப் பொறியாளர்களும் சேர்ந்து வடிவமைத்த கையடக்கக் கணினி அது. 2001-ல் அதன் முன்மாதிரி வெளியானது. 2004-ல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரிப்பில் அமிடா சிம்ப்யூட்டர் கடைக்கு வந்தது. கீபோர்டும் மவுஸும் பழகாத மக்களுக்கான கணினி என்பதால், திரையில் குச்சியால் தொட்டே எல்லாம் செய்யலாம். கருவியை அசைத்தால் அதை உணரும் வசதியும் அமிடாவில் இருந்தது. ஐபோன் வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு இது.

அந்தக் காலத்துக் குச்சித் திரைகள் அழுத்தத்தால் இயங்கியவை. மேலும் கீழுமாக இரண்டு மெல்லிய கடத்திப் படலங்கள், நடுவே நூலளவு இடைவெளி. குச்சி அழுத்திய இடத்தில் இரண்டும் ஒட்டும்; அங்கே மின்னழுத்தம் எவ்வளவு என்று பார்த்து இடத்தைக் கணக்கிடுவார்கள். குச்சி, நகம், கையுறை எதுவானாலும் வேலை செய்யும் என்பது அதன் பெரிய வசதி. ஆனால் இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் அழுத்தினால், இரண்டுக்கும் நடுவே எங்கோ ஒரே புள்ளியில் அழுத்தியதாக அது நினைத்துக்கொள்ளும். அங்கே விரல்களை எண்ண முடியாது. அப்படிப்பட்ட கருவிகளில் வலது கிளிக்குக்கு மாற்றாக வந்தது நேரம்: குச்சியை ஒரே இடத்தில் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் பட்டியல் வரும். இன்று கைபேசியில் நாம் விரலை அழுத்திப் பிடிப்பது அந்த வழியின் தொடர்ச்சி.

சிம்ப்யூட்டர் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. ஆனாலும், பொத்தான்களைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவர் கணினியோடு எப்படிப் பேசுவார் என்ற கேள்வியை இந்த நகரம் அவ்வளவு அக்கறையோடு எடுத்துக்கொண்டது என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

சார்ஜரைச் செருகினால் ஏன் துள்ளுகிறது?

பெங்களூரில் பி.ஜி. அறைகளில் தங்கி வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பேட்டரியில் ஓடும்போது ஒழுங்காக இருக்கும் டச்பேடு, சார்ஜரைச் செருகியதும் தறிகெட்டு ஓடும். சுட்டி தானாக நடுங்கும். ஒரு விரலை வைத்தால் வலது கிளிக் பட்டியல் விரியும். உலோக உடம்பு கொண்ட மடிக்கணினி என்றால் மணிக்கட்டை அதன் மேல் தேய்க்கும்போது சுறுசுறுவென்று ஒரு உணர்வும் இருக்கும். பலர் டச்பேடு கெட்டுவிட்டது என்று மாற்றியே விடுகிறார்கள்.

பெரும்பாலும் குற்றவாளி டச்பேடு இல்லை, சுவர் பிளக். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். சார்ஜருக்குள் ஒரு மின்னணு சுவிட்ச் நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடி அதைக் குறைத்துக் கொடுக்கிறது. அந்த வேகத்தில் எழும் இரைச்சலை அடக்க, சுவர்ப்பக்கத்தையும் கணினிப்பக்கத்தையும் இணைத்து ஒரு சிறு மின்தேக்கியை வைத்திருப்பார்கள். அதன் வழியே ஆபத்தில்லாத அளவுக்கு மிகச் சிறிய மின்னோட்டம் கணினியின் உடம்புக்குக் கசியும். பிளக்கின் மூன்றாவது, தடித்த பின்னும் அது போய்ச் சேரும் எர்த் இணைப்பும் சரியாக இருந்தால், அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வெர்ட்டரில் செருகினாலோ, சுவரில் எர்த் ஒயரே இழுக்காமல் விட்டிருந்தாலோ, கசிவுக்குப் போக்கிடம் இல்லை. கணினியின் உடம்பு முழுவதும் மின்னழுத்தத்தில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். எலெக்ட்ரீசியன் வைத்திருக்கும் டெஸ்டரை உலோக உடம்பில் வைத்தால் மங்கலாக எரிவதைக் காணலாம்.

சிப் அளப்பதோ மிக நுண்ணிய குறைவுகளை. கணினியும் அதைத் தொடும் ஆளும் ஒன்றுக்கொன்று அசையாமல் அமைதியாக இருப்பதாக நம்பித்தான் அது அளக்கிறது. கணினியின் உடம்பே துள்ளும்போது, ஒவ்வொரு துள்ளலிலும் விரல் வழியாகக் கொஞ்சம் மின்னூட்டம் வந்து போகிறது. நாம் பார்த்த அந்த எண்வரிசையில் 0 இருந்த இடத்தில் 15 முளைக்கும், 3 இருந்த பள்ளம் 25 ஆகும். இல்லாத மேடு தோன்றினால் இல்லாத விரல் பிறந்துவிட்டது என்று பொருள். நல்ல சிப்புகள் அளக்கும் துடிப்பின் வேகத்தை மாற்றி மாற்றிப் பார்த்து, இரைச்சல் இல்லாத வேகத்தைத் தேடிப் பிடிக்கும். மலிவான சார்ஜரும் எர்த் இல்லாத பிளக்கும் சேர்ந்தால் அவையும் திணறும்.

ஈர விரலும் இதே குழப்பத்தைச் செய்யும். தண்ணீரும் கடத்தி என்பதால் ஒரு துளி பலகையில் நின்றாலே மேடு தெரியும்.

மறைந்துபோன பொத்தானும் நாமும்

2008 அக்டோபரில் ஆப்பிள் தன் மேக்புக்கில் தனிப்பொத்தானை நீக்கிக் கண்ணாடிப் பலகை முழுவதையும் பொத்தானாக்கியபோது, மற்ற நிறுவனங்களும் அதே பாதையில் வந்தன. பலகை பெரிதானது, தடவ இடம் கிடைத்தது. அது லாபம்தான். நஷ்டம் என்னவென்றால், பொத்தான் கண்ணில் பட்டது, இரண்டு விரல் தட்டல் கண்ணில் படுவதில்லை. யாராவது சொல்லித்தந்தால் ஒழிய அது இருப்பதே தெரியாது. எஸ்.பி. ரோட்டில் கடைக்காரர் வாயால் சொல்ல வேண்டியிருப்பதை, பலகையின் மூலையில் ஒரு சின்னக் குறியாக அச்சிட்டிருக்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

விரல் ஒத்துழைக்காதவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. விண்டோஸ் செட்டிங்ஸில் டச்பேடு பகுதிக்குப் போனால், இரண்டு விரல் தட்டலையும் வலது கீழ்மூலை அழுத்தலையும் தனித்தனியே தேர்ந்தெடுக்கலாம். மேக்கிலும் டிராக்பேட் பகுதியில் இரண்டு விரலா, வலது மூலையா, இடது மூலையா என்று கேட்கும். இடதுகைப் பழக்கம் உள்ளவர்களுக்கு அந்தக் கடைசித் தேர்வு பெரிய உதவி. விண்டோஸில் கீபோர்டிலேயே ஷிஃப்டையும் எஃப்10-ஐயும் சேர்த்து அழுத்தினால் சூழல் பட்டியல் வந்துவிடும். முன்பு இதற்கென்றே தனி மெனு விசை இருந்தது. 2024 முதல் வரும் பல புதிய மடிக்கணினிகளில் அந்த இடத்தை மைக்ரோசாஃப்டின் கோபைலட் விசை எடுத்துக்கொண்டுவிட்டது. நடுக்கமுள்ள கைகளுக்கும் பார்வை இல்லாதவர்களுக்கும் பயன்பட்ட விசை அது, எடுத்திருக்க வேண்டாம்.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, அதுவே பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி. மவுஸைப் பார்க்காமலே கணினி பழகிய ஒரு தலைமுறை இப்போது தன் அப்பா அம்மாவுக்குச் சொல்லித்தருகிறது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் கற்றுக்கொள்ள உட்கார்ந்தால், "ரைட் கிளிக் பண்ணுங்கம்மா" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். "ரெண்டு விரலையும் கொஞ்சம் விலக்கி வெச்சு, ஒரு தட்டு தட்டி, உடனே எடுத்துடுங்கம்மா" என்று சொல்லுங்கள். உடனே எடுக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். கை ஈரமாக இருந்தால் துடைத்துக்கொள்ளட்டும். அப்போதும் பட்டியல் வராமல் சுட்டி துள்ளினால், அவர்கள் மேல் குறை சொல்வதற்கு முன் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு இன்னொரு முறை தட்டச் சொல்லுங்கள்.